ஆமை முதுகில் பாலிஷ்

என் நாத்தனாரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அவர் மேல் இல்லை. அவரைச் சுற்றி இருப்பவர்கள் மேல், முக்கியமாக அவருடைய அருமைத் தம்பி மேல். அந்தத் தம்பிக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். நாத்தனாருக்காக வரிந்துகட்டிக்கொண்டு புருஷனோடு சண்டைக்குப் போகிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்கும் பிரிவில் வேலை. காலையில் போய் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினால், சாயங்காலம் வரை ஊரார் வாயில் இருக்கிற வசவெல்லாம் அவர் காதுக்குத்தான். குழாயில் தண்ணீர் வராதவர் திட்டுவார். வந்த தண்ணீர் கலங்கலாக வந்தவர் திட்டுவார். தன் வீட்டுக்கு ஒழுங்காக வந்தும், பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் வேகமாக வருகிறதே என்று வயிறெரிந்து திட்டுகிற புண்ணியவான்களும் உண்டு. என்னவோ அண்ணியே எழுந்து போய்க் குழாயைக் கடித்து வைத்த மாதிரி. அவர் அத்தனையையும் கேட்டுக்கொண்டு, "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பார். அதே குரல், அதே நிதானம். நானாக இருந்தால் முதல் நாளே அந்த ஹெட்போனைக் கழற்றி அந்த ஆள் வீட்டுக் குழாயில் சுற்றிவிட்டு வந்திருப்பேன்.

அவருக்கு மேலே ஒரு மேனேஜர். கண்ணாடி போட்ட அறைக்குள் இருப்பார். எல்லாம் நல்லபடியாக இருந்தால் வெளியே வந்து மெதுவாக ஒரு சுற்று நடப்பார். யாராவது நேரில் வந்து கத்த ஆரம்பித்தால் போதும், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். "பேசி அனுப்பிடுங்கம்மா" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வரும். அண்ணிதான் பேசி அனுப்புவார்.

சரி, அங்கேதான் அப்படி என்றால் வீட்டில்? வீட்டில் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்து வைத்திருந்தார்கள், சமத்து என்று. "எங்க அக்கா சமத்து, ஒண்ணும் சொல்ல மாட்டா." என் கணவர் இதைச் சொல்லாத வாரம் கிடையாது. எங்கள் வீடு மாடியில், கீழே அவருடைய பட்டறை. மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடும் வேலை. பட்டறையில் இடம் போதவில்லை என்று வார்னிஷ் டின்கள், ஸ்பிரிட் கேன்கள், அரக்கு மூட்டை என்று ஒவ்வொன்றாக மேலே வந்தன. எங்கே வைப்பது? அக்கா அறையில் வைத்தால் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். அடுக்கடுக்காக ஏறி, அந்த அறையின் ஒரே ஜன்னலையும் மறைத்துவிட்டன. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இருந்தே இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "அவளே ஒண்ணும் சொல்லல, உனக்கு என்ன வந்துச்சு?" என்பார். இந்தக் கேள்வியால் வந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.

இப்போது ஆமைக்கு வருகிறேன்.

எதிர் மாடியில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். டி.வி.யைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போனார்கள், செருப்பு வைக்கும் அட்டைப் பெட்டியைக்கூட விடவில்லை. ஆமையை மட்டும் ஒரு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஆமை என்றால் தண்ணீரில்தானே இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தரை ஆமை. காலைப் பார்த்தாலே தெரியும். துடுப்பு மாதிரி இருக்காது, யானைக்கால் மாதிரி கட்டையாக, உருண்டையாக இருக்கும். அதற்கு நீந்தவே தெரியாது. அண்ணி வேலை முடிந்து வந்தவர் எங்கள் பால்கனியில் இருந்து அதைப் பார்த்தார். வாளியின் விளிம்பில் நகத்தை ஊன்றி, மூக்கு நுனியை மட்டும் மேலே வைத்துக்கொண்டு அது நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றதோ, பாவம். அண்ணி செருப்புகூடப் போடாமல் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த வீட்டின் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு ஆமையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. முதல் நாள் முழுக்க ஓட்டுக்குள்ளேயே கிடந்தது. மறுநாள் தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் மெதுவாக ஒரு சுற்று நடந்தது. கீழே பட்டறையில் மிஷின் ஓடத் தொடங்கியதும் உடனே கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. அண்ணி அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "எங்க ஆபீஸ் மேனேஜரேதான்" என்றார். அதுவே பெயராகிவிட்டது. "மேனேஜர் சாப்ட்டாரா?" "மேனேஜர் வெயில்ல இருக்காரு." இப்படி.

அது பெண் ஆமை என்று பிறகு தெரிந்தது. அடிப்பக்க ஓடு தட்டையாக, வால் குட்டையாக இருந்தால் பெண் என்று யாரோ சொன்னார்கள். பெயரை மாற்றவில்லை. பெண்கள் மேனேஜர் ஆகக் கூடாதா என்ன?

அண்ணி அதைப் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. காலையில் அகலமான ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர், அதன் தாடைக்கு எட்டாத அளவுக்குத்தான். அதில் நிற்கும்போதுதான் அது கழுத்தைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்கும். பிறகு பால்கனி வெயிலில் கொண்டுபோய் விடுவார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இல்லை, திறந்த வெயிலில். கண்ணாடி வழியாக வரும் வெயில் சூட்டை மட்டும்தான் தரும், ஓடு கெட்டிப்பட நேர் வெயில்தான் வேண்டும் என்று தேடிப் படித்து வைத்திருந்தார். வேண்டாம் என்று தோன்றினால் ஒதுங்க நிழலுக்கு ஒரு மரப்பெட்டி, அதில் கொஞ்சம் காய்ந்த மண். சாப்பிடக் கீரை, செம்பருத்திப் பூ, இலை தழை. பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும் வெள்ளைக் கணவாய் ஓடு ஒன்றும் கிடக்கும், தோன்றும்போது வந்து சுரண்டித் தின்னும். என் கணவர் பிரியமாக பிரெட் துண்டை நீட்டுவார். அண்ணி பேசாமல் வந்து அதை எடுத்துவிட்டுப் போவார்.

"ஆமைக்கு என்ன மூடு இருக்கப் போகுது? கல்லு மாதிரி கெடக்கு" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண் என்று இரண்டு இருப்பது பார்ப்பதற்குத்தானே? வெயிலில் நான்கு காலையும் கழுத்தையும் பரப்பிப் போட்டுக்கொண்டு கிடந்தால் அது சந்தோஷமாக இருக்கிறது. சுவர் ஓரமாகவே போய், திரும்பி வந்து, மறுபடியும் போனால் அதற்கு ஏதோ வேண்டும், இந்த இடம் பிடிக்கவில்லை. புஸ் என்று சத்தம் போட்டால் சீறுகிறது என்பார்கள். சீறவில்லை, பயந்து தலையை உள்ளே இழுக்கும்போது நெஞ்சில் இருக்கிற காற்று வெளியே போகிறது, அவ்வளவுதான். முதுகு ஓட்டின் பின்பக்கம், வாலுக்கு மேலே, விரலால் லேசாகச் சொறிந்தால் பின்னங்காலை ஊன்றி எழும்பி, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டும். ஓட்டுக்கு உணர்ச்சி கிடையாது என்று எந்த மேதாவி சொன்னானோ. அண்ணி மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் கதவுக்கு வந்துவிடும். நாள் முழுக்க ஊரார் கத்தியதைக் கேட்டுவிட்டு வருகிறவர், ஹாலில் உட்கார்ந்து அதன் முதுகைச் சொறிந்துகொண்டே இருப்பார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே நிம்மதியாக இருக்கும்.

அந்த ஓட்டில் கட்டம் கட்டமாக இருக்கும் இல்லையா, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய வரிகள் ஓடும். அது வளர வளர ஓரத்தில் புது வரி வரும். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு வந்த வரிகள் மற்றவற்றைவிட அகலமாக, வெளிறிய நிறத்தில் இருந்தன. அண்ணி எனக்குக் காட்டினார். "இதெல்லாம் நம்ம வீட்டுல வந்தது" என்றார். ஒரு தாய் பிள்ளைக்குப் பல் முளைத்ததைக் காட்டுகிற மாதிரி.

இனி என் கணவரின் திருவிளையாடல்.

அவரைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கை சுத்தமான வேலைக்காரர். கீறல் விழுந்து, சாயம் போய், குப்பைக்குப் போக வேண்டிய மேசையைக்கூட முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கிக் கொடுத்துவிடுவார். மரத்தின் மேல் ஒரு கோடு கண்ணில் பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துச் சமமாக்கினால்தான் மூச்சு வரும். கோடு என்றால் கீறல், கீறல் என்றால் தேய்த்து எடுக்க வேண்டியது. அவர் படித்த படிப்பு இது ஒன்றுதான்.

ஊருக்கு வெளியே ஒருவர் புதிதாக ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். வரவேற்பறை மேசை முதல் மாடி நாற்காலி வரை அத்தனைக்கும் பாலிஷ் வேலை கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் பட்டறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு நான் மெத்தை உறைக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தேன், பட்டறை நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பது என் வேலை. அண்ணி ஆபீசில். இவர் காபி குடிக்க மேலே வந்தவர், பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த மேனேஜரைப் பார்த்திருக்கிறார். முதுகெல்லாம் வரி வரியாக, மங்கலாக, அங்கங்கே செதில் எழும்பி. அவருக்குக் கை அரித்திருக்கிறது.

தூக்கிக்கொண்டு கீழே போயிருக்கிறார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு வழவழப்பான தாள், முறைப்படி. அண்ணி எனக்குக் காட்டிய அந்த வரிகளைத் தேய்த்திருக்கிறார். துணியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தோய்த்து ஒரு கோட், காயவிட்டு இன்னொரு கோட், அதற்கு மேலே பளபளப்புக்கு வார்னிஷ்.

வந்த ஓட்டல்காரர் சாம்பிள் பலகைகளைப் பார்த்ததைவிட ஆமையைத்தான் அதிகம் பார்த்தாராம். "இந்தக் கலர்தான் எனக்கு வேணும்" என்றாராம். அதோடு விட்டாரா? இதையே கொடுத்துவிடுங்கள், வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி கட்டி, கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஓடவிட்டு, விளக்குப் போட்டு வைக்கிறேன் என்றாராம். மறுபடியும் தண்ணீர். என் கணவர் உடனே சரி என்றிருக்கிறார். அடுத்த வாரம் வேலையைப் பேசி முடிக்க வரும்போது எடுத்துப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். அக்காவிடம் கேட்க வேண்டாமா என்று நான் பிறகு கேட்டபோது, அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று பதில் வந்தது. அவள் சமத்து.

சாயங்காலம் அண்ணி வந்தார். படியேறும் சத்தம் கேட்டும் கதவுக்கு யாரும் வரவில்லை. ஆமை சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து விளக்குக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தது. மினுமினுவென்று, புது அலமாரி மாதிரி. பக்கத்தில் என் கணவர் புது மாப்பிள்ளைச் சிரிப்போடு நின்றார். அண்ணி குனிந்து முகர்ந்தார். ஒரு கட்டத்தை விரல் நுனியால் தடவினார். பிறகு இரண்டு கையாலும் அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் காற்றில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியா, அக்காவுக்குச் சந்தோஷத்துல பேச்சே வரல" என்றார் இவர் என்னிடம்.

அவர் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்திருந்த விதத்தை, அந்தத் தோளைப் பார்த்தும் ஒருவருக்கு அது சந்தோஷமாகத் தெரியுமானால் அந்தக் கண்ணை என்னவென்று சொல்வது? நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் அசரவில்லை. ஓடு என்பது நகம் மாதிரிதான், அதற்கு என்ன தெரியும் என்றார். உங்கள் நகத்தைக் கொடுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் காட்டுகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே கீழே போய்விட்டார். பூசி மெழுகுவது அவருக்குத் தொழில், பேச்சிலும் அதே கைவரிசைதான்.

அதன் பிறகு மேனேஜர் சாப்பிடவில்லை. செம்பருத்தியை மூக்குக்கு நேரே வைத்தாலும் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கில் சின்னதாகக் குமிழி வந்தது. கழுத்தை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடியது. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி மாதிரி இருக்கும். அண்ணிக்கு அது மூச்சுக்குத் திணறுகிறது என்று தெரிந்துவிட்டது. காய்ச்சலோடுகூட ஆபீசுக்குப் போகிறவர் அன்றைக்கு லீவு போட்டார். மேனேஜரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். நானும் போனேன்.

கால்நடை மருத்துவர் ஒரு பெண். பார்த்ததும் யார் இதைச் செய்தது என்று கேட்டார். அண்ணி பேசவில்லை. நான் என் கணவரின் தொழிலைச் சொன்னேன், பெருமையாகச் சொல்லவில்லை. ஆமைக்கு நுரையீரல் முதுகு ஓட்டுக்கு நேர் கீழே இருக்கிறது, இருமி வெளியே தள்ளவும் அதற்கு முடியாது, அந்த நெடி முழுவதும் உள்ளே போய்விட்டது என்றார் டாக்டர். ஓடு உயிருள்ள எலும்பு, கட்டமும் கட்டமும் சேருகிற இடத்தில்தான் அது வளர்கிறது, அங்கே எல்லாம் வார்னிஷ் இறுகிக் கிடக்கிறது என்றார். ஸ்பிரிட் போட்டு எடுக்கக் கூடாது, அது இதைவிட விஷம். வெந்நீர்த் துணி போட்டு ஊறவைத்து, மழுங்கிய மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெயர்க்க வேண்டும். முதல் ஊசியைப் போட்டார், இன்னும் சில போட வேண்டியிருந்தது. வெயில் வரும் இடத்தில் வைக்கச் சொன்னார், பெயிண்டு, வார்னிஷ் வாடை அதன் பக்கத்திலேயே வரக் கூடாது, வந்தால் பிழைக்காது என்றார். பிறகு கேட்டார்: "வழக்கமா எங்க தூங்கும்?"

"என் ரூம்ல" என்றார் அண்ணி. அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த அறையில் என்ன இருக்கிறது என்று சொன்னாரா? சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தம்பியிடம் அந்த டின்களை எடு என்றாவது சொன்னாரா? அதுவும் இல்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்து, அரிசிப் பானைக்கும் சுவருக்கும் நடுவே ஆமையோடு படுத்துக்கொண்டார். சம்பாதிக்கிற பெண், இந்த வீட்டில் பாதி உரிமை உள்ளவர், சமையலறைத் தரையில். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டின்களை நானே எடுத்து எறிகிறேன் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "வேணாம்மா. உனக்கும் அவனுக்கும் எதுக்குச் சண்டை" என்றார். சண்டையில் எனக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை என்று சொன்னால் கேட்க வேண்டுமே.

ஆபீஸ் போய் வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதையேதான் செய்தார். ஈரத்துணியைப் போட்டுக் காத்திருப்பார். ஐஸ்கிரீம் குச்சியைக் கல்லில் தேய்த்து முனையை மழுக்கி வைத்திருந்தார். அதைப் பொருத்தி மெல்ல நெம்பினால் வார்னிஷ் மெல்லிய தோலாக எழும்பி வரும், சிலசமயம் வராது. கை வலித்தால் நான் வாங்கிக்கொள்வேன். என் கணவர் இதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். முகம் தொங்கிப்போயிற்று. தன் கைவேலையை யாரும் இதுவரை சுரண்டி எடுத்ததில்லை என்றார். ஓட்டல்காரர் வந்து போகிற வரைக்குமாவது இதை நிறுத்தச் சொன்னார். பாதி மினுக்கும் பாதி மங்கலுமாக இருந்தால் எப்படிக் கொடுப்பது என்றார். அது மூச்சு விடத் திணறுவது அவருக்குத் தெரியவில்லை, நிறம் ஒத்துவராதது தெரிந்தது. அண்ணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குச்சி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னபடி ஓட்டல்காரர் வந்தார். ஒரு கண்ணாடிப் பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அண்ணி வீட்டில் இருந்தார். ஹால் தரையில் பேப்பர் விரித்து, நடுவே ஆமை. முதுகில் சில கட்டங்கள் வெளுத்துப்போய், சில கட்டங்கள் இன்னும் பளபளத்துக்கொண்டு. ஓட்டல்காரர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். என்ன ஆயிற்று இதற்கு என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்" என்று என் கணவர் குழைந்தார். "ரெண்டு கோட் ஏத்தினா பழையபடி ஆயிடும். இன்னைக்கே பண்ணிக் கொடுத்துடறேன்." குனிந்து ஆமையைத் தூக்கக் கையை நீட்டினார்.

புஸ் என்றது அது. ஓட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

அண்ணி அந்தக் கையைப் பிடித்தார். இறுக்கமாகத்தான் பிடித்திருக்க வேண்டும், என் கணவர் முகம் மாறியது.

"நீ தேய்ச்சியே, அப்ப இது என்ன பண்ணுச்சு?"

அவர் ஓட்டல்காரரை ஒரு பார்வை பார்த்துச் சிரித்துக்கொண்டார். "ஒண்ணும் பண்ணலக்கா. அசையவே இல்ல. சமத்தா இருந்துச்சு."

"தல வெளிய இருந்துச்சா, உள்ள இருந்துச்சா?"

"உள்ளதான்."

"காலு?"

"அதுவும் உள்ளதான். அதனாலதான் தேய்க்க வசதியா இருந்துச்சு."

"அப்ப அது சமத்தா இல்லடா" என்றார் அண்ணி. "அது கத்திக்கிட்டு இருந்துச்சு. அதுக்குத் தெரிஞ்ச கத்தல் அதுதான்."

குரல் உயரவில்லை. புகார் கேட்கிற அதே குரல்தான். ஆனால் தம்பியின் கையை விடவில்லை.

"என்னையும் இத்தன வருஷமா சமத்துன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்க" என்றார்.

முதல் தடவையாக என் கணவருக்குப் பூசி மெழுக ஒன்றும் கிடைக்கவில்லை. அண்ணி ஓட்டல்காரர் பக்கம் திரும்பினார். மரியாதை குறையாமல், இது தரை ஆமை, தண்ணீர்த் தொட்டியில் போட்டால் செத்துவிடும், இதைக் கொடுக்க முடியாது என்றார். வரவேற்பறைக்கு வேண்டுமானால் மரத்தில் ஒரு ஆமை செய்யச் சொல்லுங்கள், என் தம்பி அதற்கு மிக நன்றாகப் பாலிஷ் போடுவான் என்றார். ஓட்டல்காரர் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் கண்ணாடிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில் வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். பிறகு பேசவே இல்லை. போகட்டும், அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து என் கணவர் பேப்பருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆமையைத் தொடவில்லை. ரொம்ப நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குச்சிக்காகக் கையை நீட்டினார். அண்ணி கொடுக்கவில்லை.

"இது அப்புறம். முதல்ல என் ரூம்ல இருக்கிற டின்னையெல்லாம் கீழ கொண்டு போ. ஜன்னல மறைக்குது. எனக்கு வாடை ஆகல, தல வலிக்குது. ரொம்ப நாளா வலிக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தன நாளா சொல்லவே இல்லையேக்கா?"

"நீ கேக்கவே இல்லையேடா" என்றார் அண்ணி.

டின்களை இறக்கி முடிக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது. அத்தனை டின்களையும் என் கணவர் ஒற்றை ஆளாகச் சுமந்தார். பட்டறை ஆட்களைக் கூப்பிடவில்லை, நானும் உதவிக்குப் போகவில்லை. ஜன்னல் கொண்டி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது, சுத்தியலால் தட்டித் திறந்தார். சுவரில் டின்கள் இருந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகக் கறை. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டார். எதையும் தேய்க்க வேண்டாம் என்றேன் நான்.

வாடை போவதற்காகச் சில நாட்கள் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். அதற்குள் குமிழி நின்றது, ஊசியும் முடிந்தது. அண்ணி மேனேஜரைத் தூக்கிப் போய் அந்த அறையில் ஜன்னல் வெயில் விழுகிற இடத்தில் இறக்கிவிட்டார். கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். முதலில் மூக்கு வந்தது, பிறகு கண். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு கழுத்து முழுதாக நீண்டது. முன்னங்கால் ஒன்றையும் வெயிலில் நீட்டிப் போட்டுக்கொண்டது.

"அக்கா, இப்ப என்ன சொல்லுது?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

அண்ணி அவரை நன்றாக ஒரு தடவை பார்த்தார். பிறகு தள்ளி உட்கார்ந்து கட்டிலில் இடம் கொடுத்தார்.